காற்று இறங்காத மெத்தை

பிளக்கைப் பிடுங்கி மூன்று நாளாகியும் அக்காவின் காற்று மெத்தை உப்பியபடியே இருந்தது.

படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கு முதுகில் புண் வராமலிருக்க டாக்டர் எழுதிக் கொடுத்த மெத்தை அது. கட்டிலுக்கடியில் ஒரு சின்ன பம்ப் இரவும் பகலும் உறுமும். மெத்தையின் ரப்பர் வரிகள் ஒன்றுவிட்டு ஒன்று உப்பும், அமுங்கும். ஆறு வருடம் அந்த உறுமலோடு குடித்தனம் நடத்தியவள் தங்கை. இப்போது வீட்டில் தன் செருப்புச் சத்தம் மட்டும்தான். பேச்சுத் துணைக்கு அந்தப் பாழாய்ப்போன பம்ப்கூட இல்லையே என்று அழுகை வந்தது.

மருத்துவச் சாமான்களைக் கழித்துக்கட்ட எடுத்துப்போகும் வண்டிக்காரருக்கு போன் செய்தாள்.

"நாலு மணிக்கு வரேன்மா. காத்து கொஞ்சம்கூட இருக்கக்கூடாது, நசுக்குற மெஷின்ல போட்டா வெடிச்சிடும். மூடியைத் தொறந்துட்டு மேல படுத்துடுங்க, தானா இறங்கிடும்."

"அது மேலயா? நானா?"

"வேற யாரு இருக்கா வீட்ல?"

போனை வைத்துவிட்டாள்.

வெளியே மழை மூட்டம். பட்டப்பகலிலேயே அறை மங்கிக் கிடந்தது. டெட்டால், பவுடர், ஆறு வருட வியர்வை எல்லாம் கலந்த வாடை திரைச்சீலையை விட்டுப் போகவே இல்லை. இந்தச் சனியன் வண்டியேறிவிட்டால் அந்த ராத்திரியும் தொலைந்துவிடும் என்று அவள் நம்பினாள். யாரிடமும் சொல்லாத ராத்திரி. ஒரே ஒருநாள் நிம்மதியாகத் தூங்கலாமென்று பம்ப்பை நிறுத்தியவள் அவள்தான். "ஏய், இது நின்னு போச்சுடி... கொஞ்சம் என்னைத் திருப்பி விடேன்" என்று அக்கா இருட்டில் இரண்டு தடவை கூப்பிட்டாள். இவள் தூங்குவதுபோல் கிடந்தாள். விடிந்தபோது அக்கா இல்லை. இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். எல்லோரும் தலையாட்டினார்கள்.

மூடியைத் திறந்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓரமாகப் படுத்தாள்.

கால்மாட்டில் காற்று சீறியது. வெதுவெதுப்பான காற்று. முதுகு மெல்ல மெல்லத் தாழ்ந்து, இடுப்பெலும்பில் கட்டில் பலகை தட்டியது. அப்பாடா என்றிருந்தது.

சீறல் நின்றது.

பிறகு, மெத்தை காற்றை உள்ளே இழுத்தது.

பம்ப் கட்டிலுக்கடியில் இல்லை. வாசலில், கட்டிய பையில் இருக்கிறது. அவளேதான் கட்டினாள்.

மெத்தை உப்பியது. அமுங்கியது. உப்பியது.

எழப் பார்த்தாள். உடம்பு அசையவில்லை. விரல்கூட.

தெருவில் வண்டி வந்து நின்றது. "அம்மா! மெத்தை ரெடியா?" என்று வண்டிக்காரர் குரல் கொடுத்தார். இவள் வாயும் அசையவில்லை. அவர் இரண்டாம் முறை கூப்பிட்டார். கொஞ்ச நேரம் நின்றார். வண்டி கிளம்பிப் போனது.

பக்கத்தில், காலி இடத்தில், ரப்பர் முனகியது.

ஒரு சின்னக் குழி. குதிகால் அளவு. அப்புறம் இடுப்பு. தோள். தலை.

யாருமில்லாத அந்தப் பள்ளம், யாரும் திருப்பி விடாமலே, மெதுவாக அவள் பக்கம் புரண்டு படுத்தது.