பகலில் கொட்டிய கழிவு

விடிந்ததும் கதவைத் திறந்தாள். வாசலில் மறுபடியும் மீன் குடலும் அழுகிய காய்கறித் தோலும். கப்பலோடு மூழ்கிப்போனவர்களின் வீட்டுப் பெண்கள்தான் கொட்டுகிறார்கள். அவர்களை அவள் ஒரு வார்த்தை திட்டியதில்லை.

போர்க்காலத்தில் சரக்குக் கப்பலின் சமையல் கழிவை இருட்டிய பிறகுதான் கடலில் கொட்ட வேண்டும். பகலில் கொட்டினால், மிதக்கிற குப்பையே எதிரியின் நீர்மூழ்கிக் கப்பலுக்கு வழி காட்டிவிடும். கப்பல் சமையல்காரனான அவள் புருஷன் பகலில் கொட்டினான், நீர்மூழ்கி பின்னாலேயே வந்து அடித்தது என்று ஊரே பேசியது. முதலில் சொன்னவன் கொழுந்தன். அதே அடுப்படியில் எடுபிடியாக இருந்து உயிர் பிழைத்து வந்தவன்.

அவள் குனிந்து அள்ளினாள். உள்ளேயிருந்து கொழுந்தன் மூக்கைப் பொத்திக்கொண்டு கத்தினான்.

"சீக்கிரம் அள்ளித் தொலைங்க அண்ணி, கொமட்டுது. கப்பல்லயும் இதே இழவுதான்... பொழுது சாயட்டும், பொழுது சாயட்டும்னு கழிவை டின் டின்னா பக்கத்துலயே வச்சு அண்ணன் என் உயிரை எடுத்தாரு."

அவள் கை நின்றது.

"அப்படி வச்சிருந்தவர் எதுக்குத் தம்பி பகல்ல கொட்டினாரு?"

அவன் தலை குனிந்தது. "நாத்தம் தாங்கல அண்ணி... அவரு கண்ணசந்த நேரம்... ஒரே ஒரு டின்தான்."

மாமியார் பாய்ந்து வந்து அவன் வாயைப் பொத்தினாள்.

"உங்களுக்கும் தெரியுமா அத்தை?"

"ஒருத்தனைக் கடல் தின்னுடுச்சு. இருக்கிறவனை ஊரு அடிச்சுக் கொல்லணுமா? செத்தவனுக்கு வலிக்கவா போகுது?"

"எனக்கு வலிச்சுதே."

மாமியார் அழுதபடி அவளைக் கட்டிக்கொண்டாள். "நீ என் மகடி... வெளிய விட்டுடாத."

அந்தக் கைகள் பட்ட இடமெல்லாம் அருவருப்பாக இருந்தது. மீன் குடலையாவது கழுவிவிடலாம். அவள் அந்தக் கைகளைப் பிரித்து எடுத்தாள்.

"வாங்க தம்பி. எதிர்வீட்டுலேர்ந்து ஆரம்பிப்போம். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?"

அவன் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினான். வளர்ந்த ஆண்பிள்ளை.

அவளே தெருவைத் தாண்டிக் கதவைத் தட்டினாள். அதே கப்பலில் கணவனை இழந்தவள் பாதிக் கதவைத் திறந்து முறைத்தாள்.

"என் புருஷன் கொட்டலக்கா."

சாவுச் செய்தி வந்த அன்றுகூட, ஊர் காறித் துப்பியதில், அவளுக்கு அழ வாய்க்கவில்லை. இப்போது அந்த வாசலில் நின்று அவனுக்காக அழுதாள்.