மூழ்கிய சர்வரின் அட்ரஸ்

ஒரு மெஷினைக் கூப்பிட்டால் இரண்டு பதில்கள் வந்தன.

டயானா திரையை முறைத்தாள். படகுச் சங்க அலுவலகத்தில் காலையில் அவளே உருவாக்கிய விர்ச்சுவல் மெஷின் அது; தனிப் பெட்டி இல்லாமல் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓடுவது. வெளியே மதியமே இருட்டிவிட்டது. மழையோடு கருவாட்டு வாடை மாடிவரை ஏறி வந்தது. ஏசி இரைச்சலுக்கு அடியில், பூட்டிக் கிடக்கும் கீழ்த்தளத்தில், இடுப்பளவுத் தண்ணீரில் யாரோ நடப்பதுபோல் ஒரு சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது.

ஒவ்வொரு மெஷினுக்கும் நெட்வொர்க்கில் அடையாள நம்பராகத் தனி மேக் அட்ரஸ் வேண்டும். ஒரே அட்ரஸ் இரண்டுக்கு இருந்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். அவள் புதிதாகவே கொடுத்திருப்பாள். ஆனால் படகுகளைக் காட்டும் சாஃப்ட்வேர் பழைய சர்வரின் அட்ரஸுக்கு மட்டும்தான் திறக்கும். அந்த சர்வர் போன வெள்ளத்தில் கீழ்த்தளத்தில் மூழ்கியது. அதைத் தூக்கப்போன, அவளுக்கு முன் இங்கே வேலை பார்த்த மெல்வினும் மூழ்கினான். அவள் தெருவில், கடல் கொண்டுபோன படகின் பெயரைப் புதுப்படகுக்கு வைக்கமாட்டார்கள். கம்ப்யூட்டருக்கு என்ன வந்தது என்று அவள் அதே அட்ரஸை அடித்துவிட்டாள்.

திரையில் ஒரு படகு அணைந்தது. அடுத்து இன்னொன்று. மிச்சமிருந்த மூன்றில் ஒன்று அவள் புருஷன் ஜாய்சனுடையது.

வயர்லெஸ்ஸில் ஜாய்சனின் குரல் கரகரத்தது. "ஏளா டயானா, மழையில ஒண்ணும் தெரியல. கர எந்தப் பக்கம்?"

"பொறுங்க. பாத்துச் சொல்லுதேன்."

இரண்டாவது பதில் கீழ்த்தளத்துக் கேபிளில் வந்தது. அங்கே கரண்டே கிடையாது. மேனேஜர் பாஸ்கலுக்குப் போன் போட்டாள்.

அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "ஒம் மெஷின அணைச்சிரு. அது அவன் நம்பரு. அவங்கிட்டயே விட்டுரு."

"விட முடியாது அண்ணாச்சி. அவிய கடல்ல நிக்காவ."

அவளுக்குப் பயமாக இருந்தது. அதைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. கீழிருந்து தரைத் துளை வழியாக வரும் அந்தக் கேபிளை, எல்லாக் கேபிள்களும் சேரும் நெட்வொர்க் ஸ்விட்ச்சிலிருந்து பிடுங்கினாள்.

திரையில் படகுகள் திரும்பி வந்தன.

"வலப்பக்கம் திருப்புங்க. நேரா வாங்க."

கையிலிருந்த கேபிள் அசைந்தது.

நனைந்திருந்தது. கீழிருந்து யாரோ அதைத் தள்ளினார்கள். முனை ஸ்விட்ச்சை நோக்கி நெளிந்தது. அவள் இறுக்கிப் பிடித்தாள். துளையில் கலங்கல் தண்ணீர் பொங்கியது. சேற்று நாற்றம்.

"மெல்வின் அண்ணே," என்றாள். "செத்தவங்களுக்கு இது எதுக்கு? தரமாட்டேன்."

விரல்கள் வந்தன. ஊறி வெளுத்த விரல்கள். கேபிளைப் பற்றி ஏறின. ஒன்று. இன்னொன்று. அவள் மணிக்கட்டைத் தொட்டன.

ஐஸ்.

"டயானா, இருக்கியா?"

மறுகையால் மைக்கை வாயருகே கொண்டுவந்தாள்.

"இருக்கேன். வாங்க."

மணிக்கட்டைச் சுற்றி இறுகிய கை அவளைத் துளையை நோக்கி இழுத்தது. அவள் கேபிளை விடவில்லை.