நகரும் காரணி

மாலை ஆறு பத்துக்குப் பதினான்கு மாடிகளும் காலியாகிவிடும். யாரும் அதட்டுவதில்லை, யாரும் விரட்டுவதில்லை. காதுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் மிளகளவு செவிமணி, ‘இப்போது வெளியே நடக்கலாம்’ என்று ஒரு வரி கிசுகிசுக்கும். அவ்வளவுதான். ஐம்பத்தாறு வீட்டுக் கதவுகளும் திறக்கும். மின்தூக்கியைத் திரும்பியும் பார்க்காமல் எல்லோரும் படியில் இறங்கி எதிரேயுள்ள காவிரிக்கரைப் பூங்காவுக்குப் போய்விடுவார்கள்.

ஆறு பதினைந்துக்குக் குடியிருப்பின் செயலாளர் அம்பலவாணன் டார்ச் விளக்கோடு தரைத்தளத்தில் வந்து நிற்பார். மின் பாதுகாப்பு ஆய்வாளராக முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு கொடுத்தது அரசாங்கம்தான், அவர் எடுத்துக்கொள்ளவில்லை. மாடி மாடியாக மின்பெட்டிகளைத் திறந்து பார்த்து, கடைசியில் ஏழு மணிக்கு மொட்டைமாடி மோட்டார் அறைக்குள் போவார். அவர் அங்கே இருக்கும் நேரம் பார்த்துச் சனங்கள் திரும்பி வந்து வீட்டுக்குள் புகுந்துகொள்வார்கள்.

முன்பெல்லாம் இந்தச் சுற்றில் தினம் இரண்டு சண்டையாவது நடக்கும். இந்த ஒரு வருடமாக ஒன்றுகூட இல்லை. எல்லாம் தான் கொண்டுவந்த இதமானியின் மகிமை என்று அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

பெருமைக்குக் காரணம் உண்டு. போன வருடம் அவர் மனைவி செண்பகவல்லியின் நிலைமை ரொம்ப மோசமாக இருந்தது. கை நடுங்கும், நெஞ்சு அடைக்கும், வாசலைத் தாண்ட முடியாது. ஒருநாள் அடுப்படியிலேயே மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தஞ்சாவூரிலிருந்து ஓடி வந்த அவள் தம்பி, “மாமா, இன்னும் ஒரு வருஷம் பாப்பேன். சரியாகலேன்னா அக்காவ நான் கூட்டிட்டுப் போயிடுவேன்” என்றான். செண்பகவல்லி வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுதான் அம்பலவாணனை உலுக்கிப் போட்டது. அடுத்த வாரமே குடியிருப்போர் கூட்டத்தில் சண்டை போட்டு, இதமானியை நிறுவ வைத்தார்.

இதமானி மாத்திரை தராது, உபதேசமும் செய்யாது. அடித்தளத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஓர் இரும்பு அலமாரி, அவ்வளவுதான் அதன் உருவம். செவிமணி வழியாக நாடித்துடிப்பு, வியர்வை, குரல் நடுக்கம் எல்லாவற்றையும் கணக்கிட்டு ஆளுக்கொரு பதற்ற எண் கொடுக்கும். மாடிகளிலும் வீடுகளிலும் பதித்த உணரிகளால் ஒலி, எடை, கேஸ் எல்லாமும் அதற்குத் தெரியும். பிறகு அன்றாட வாழ்க்கையில் சின்னதாக ஒன்றை மாற்றிப் பார்க்கும். காபியை அரைமணி தள்ளிக் குடி, படியில் ஏறு, பால்கனிச் செடிக்குத் தண்ணீர் ஊற்று. மூன்று நாளில் எண் குறைந்தால் அந்த மாற்றம் நிலைக்கும், இல்லாவிட்டால் வேறொன்று வரும். ஏன் குறைகிறது என்று அது கேட்டதே இல்லை. குறைகிறதா என்பது மட்டும்தான் அதற்குக் கவலை.

எண்பத்து நான்கில் இருந்த செண்பகவல்லி முப்பத்தொன்றுக்கு வந்துவிட்டாள். மாலையில் நடக்கிறாள், ராத்திரி தூங்குகிறாள், யாரோ சொன்ன நகைச்சுவையைத் தனியே நினைத்துச் சிரிக்கிறாள். தம்பி குறித்த கெடு முடிய இன்னும் மூன்றே வாரம். இனி அவன் எந்த முகத்தோடு கூப்பிடுவான்?

அம்பலவாணன் மட்டும் செவிமணி போட்டுக்கொள்ளவில்லை. சோதனை செய்பவன் இணைப்பில் கை வைக்கக் கூடாது என்பது அவர் துறையின் முதல் பாடம். தவிர, தனக்கு என்ன பதற்றம் என்பது அவர் கட்சி.

ஆண்டுப் பராமரிப்புக்கு ஜெனிலா என்ற பொறியாளர் வந்தாள். சின்ன வயசு, பொறுமைசாலி. அம்பலவாணன் எல்லாவற்றையும் எழுத்தில் கேட்டதால், குடியிருப்பில் பதற்றத்தை உண்டாக்கும் காரணிகளின் பட்டியலை அச்சிட்டுக் கொடுத்தாள். கொசு நாலாவது இடம், ஆழ்குழாய் மோட்டாரின் இரைச்சல் மூன்றாவது, எதிர்வீட்டு நாய் இரண்டாவது. முதலிடத்தில் இருந்ததை அவர் சத்தமாகப் படித்தார்.

“நகரும் காரணி. எடை எழுபத்தெட்டு கிலோ. மாலை 6.15 தரைத்தளம், 7.00 மொட்டைமாடி. வெளியிடும் ஒலி: ஒரே ஒலி, மும்மூன்று முறை. பாதிக்கப்படும் வீடுகள் ஐம்பத்தாறு. அகற்ற வழியில்லை. எனவே குடியிருப்போரை அதன் பாதையிலிருந்து அகற்றுக.”

“என்னம்மா அநியாயம் இது? இப்படி ஒண்ணு பில்டிங்குக்குள்ள சுத்திக்கிட்டு இருக்கு, எனக்கே தெரியாதே!” என்று கொதித்தார். “குப்பை வண்டியாத்தான் இருக்கணும். சக்கரம் கிரீச் கிரீச்சுன்னு கத்தும். இன்னைக்கே புடிக்கிறேன்.”

ஜெனிலா எதையோ சொல்ல வாயெடுத்தாள். அவர் அதற்குள் கிளம்பிவிட்டார்.

அன்று அவர் சுற்று போகவில்லை. ஆறரைக்கு நாலாவது மாடியில் தீத்தடுப்புக் கதவுக்குப் பின்னால் டார்ச்சை அணைத்துவிட்டு ஒளிந்துகொண்டார். கால் மணி நேரம் ஆயிற்று. குப்பை வண்டியும் வரவில்லை, கொசுவும் வரவில்லை. அடித்தளத்தில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த ஜெனிலாவைப் போனில் பிடித்தார்.

“வரலையேம்மா?”

“சார்...” அந்தப் பக்கம் தயக்கம். “அது நாலாவது மாடியிலதான் இருக்கு சார்.”

“எங்க?”

“தீத்தடுப்புக் கதவுக்குப் பின்னாடி. பதினஞ்சு நிமிஷமா அசையாம நிக்குது.”

அம்பலவாணன் சட்டென்று டார்ச்சை அடித்துத் திரும்பிப் பார்த்தார். சுவர்தான் இருந்தது. சுவரில் அவருடைய நிழல்.

“எங்கம்மா இருக்கு? எங்கம்மா இருக்கு? எங்கம்மா...” என்று மூன்றாம் முறை ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திவிட்டார்.

“மன்னிச்சுக்குங்க சார். நீங்க மணி போட்டுக்கல. மணி போடாத எதையும் அது மனுஷக் கணக்குல சேக்காது. சத்தம், கொசு, அந்த வகையிலதான் சேக்கும்.”

அவருக்கு அவமானமாக இருந்தது. ஒரு வருடமாக ஐம்பத்தாறு குடும்பங்களும் ஆரோக்கியத்துக்காக நடக்கவில்லை, அவர் கண்ணில் படாமல் இருக்க நடந்திருக்கிறார்கள். அது அவர்களுக்கே தெரியாது என்பது ஓர் ஆறுதல். ஆனால் செண்பகம்? அவளுடைய மாலை நடை, மதியத் தையல், அவர் சாப்பிட்டு எழுந்த பிறகு தனியாகச் சாப்பிடும் பழக்கம் எல்லாமே அவரைச் சுற்றிப் போட்ட வேலிதானா? மனைவியைப் பிடித்து வைக்க வாங்கிய யந்திரம், அவளை வீட்டுக்குள்ளேயே அவரிடமிருந்து பிரித்து வைத்திருக்கிறது.

நடை முடிந்து வந்தவளிடம் காகிதத்தை நீட்டினார். அவள் இரண்டு முறை படித்தாள்.

“எனக்கு இது தெரியாதுங்க. சத்தியமா தெரியாது. மணி சொல்லும், நான் செய்வேன்.”

“பொய் இல்லையே? நான்தானா அது? உன்னை அவ்வளவு படுத்துறேனா?”

செண்பகவல்லி நாற்காலியை இழுத்து அவர் எதிரில் போட்டு உட்கார்ந்தாள். “நீங்க கெட்டவர்னு யாரு சொன்னா? கேஸை மூடினியான்னு கேப்பீங்க. மூடிட்டேன்னு சொல்வேன். திரும்பக் கேப்பீங்க. அப்பவும் மூடிட்டேன்னு சொல்வேன். மூணாவது தரம் கேக்கும்போது, மூடினோமா இல்லையான்னு எனக்கே சந்தேகம் வந்துடும். இருபத்தாறு வருஷமா இப்படித்தாங்க.”

அம்பலவாணன் காகிதத்தை நாலாக மடித்து வைத்தார். பிறகு, இதுவரை அவளிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னார். வேலையில் சேர்ந்த புதிதில் முத்தழகன் என்ற லைன்மேனிடம், ‘சப்ளை நிறுத்தியாச்சா’ என்று ஒரே ஒரு முறை கேட்டார். ‘ஆச்சு சார்’ என்றான். அவர் திரும்பக் கேட்கவில்லை. முத்தழகன் கம்பத்திலிருந்து உயிரோடு இறங்கவில்லை.

செண்பகவல்லி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. “இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சா என்ன? பயம் உங்களுக்கு. மணியை மட்டும் என் காதுல மாட்டி விட்டிருக்கீங்க.”

மறுநாள் காலையில் அம்பலவாணன் அடித்தளத்துக்குப் போய்க் காதைக் காட்டினார். ஜெனிலா செவிமணியை ஒட்டினாள். திரையில் தொண்ணூற்றிரண்டு வந்தது. இந்த ஊரிலேயே இவ்வளவு பெரிய எண்ணைத் தான் பார்த்ததில்லை என்றாள். அவருக்கு அதைக் கேட்டு ஏனோ நிம்மதியாக இருந்தது. இத்தனை வருடம் ‘எனக்கென்ன’ என்று சுமந்ததை ஒருவர் எடை போட்டுச் சொல்லிவிட்டார்.

இப்போது அவரும் மனிதக் கணக்கில் சேர்ந்துவிட்டதால் இதமானி அவருக்கும் சின்ன மாற்றங்களைத் தேடியது. இரண்டு சரிப்படவில்லை. மூன்றாவது சரிப்பட்டது. ‘முதல் முறை மனிதரிடம் கேளுங்கள். அதற்குப் பிறகு என்னிடம் கேளுங்கள்.’ அவரும் கேட்டார். மாடிப்படியில், குளியலறையில், சோற்றுத் தட்டின் முன்னால் முணுமுணுப்பாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். கேஸ் மூடியிருக்கிறதா? மூடியிருக்கிறது. மூடியிருக்கிறதா? மூடியிருக்கிறது. யந்திரத்துக்கு அலுப்பு கிடையாது, சந்தேகமும் வராது. பத்தாவது நாள், இரண்டாம் முறை கேட்க மறந்துபோனார். மறந்தது மறுநாள்தான் ஞாபகம் வந்தது.

அவருடைய எண் முப்பத்தைந்துக்கு இறங்கியது. கெடு முடிந்த அன்று தம்பி வந்தான். அக்காவும் மாமாவும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்தான். தானும் ஒரு தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டான். பேச்சே எடுக்காமல் மாலை ரயிலுக்குக் கிளம்பிவிட்டான்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். இதமானி விடவில்லை.

முதலிடத்துக் காரணி இல்லாமல் போனதும் மொத்தக் குடியிருப்பின் எண்களும் சரிந்தன. எல்லோரும் நலம் என்று இதமானி முடிவு செய்தது. தேவையில்லாத மாற்றங்களை அது வைத்துக்கொள்வதில்லை. மறுநாள் ஆறு பத்துக்கு ஐம்பத்தாறு வீடுகளிலும் ஷூ மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்கள். செவிமணி வாயைத் திறக்கவில்லை. ஆறரை வரை நின்று பார்த்துவிட்டு ஷூவைக் கழற்றினார்கள். அடுத்த நாளும் அப்படியே. நாலாம் நாள், மூன்றாவது மாடிப் பள்ளி ஆசிரியை ருக்கையா தலைமையில் இருபது பேர் அம்பலவாணன் வீட்டு அழைப்புமணியை அடித்தார்கள். எல்லோர் முகத்திலும் கலவரம்.

“அண்ணே, மணி ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குது. நடக்காம உடம்பெல்லாம் ஒரு மாதிரி இருக்கு.”

“அதுக்கென்னம்மா? நடக்க வேண்டியதுதானே?”

“மணி சொல்லாம எப்படி அண்ணே நடக்குறது?” என்றாள் ருக்கையா. “ஏதாவது ஆயிடுச்சின்னா?”

“ஒண்ணும் ஆகாது.”

“நிச்சயமா ஆகாதா?” என்றார் பின்னாலிருந்த ஒருவர்.

“ஆகாதுங்க.”

“இல்ல சார், நிச்சயமாத்தான் சொல்றீங்களா?”

அம்பலவாணன் அந்த முகங்களைப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் அவரே நின்றுகொண்டிருந்தார். அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். உள்ளேயிருந்து செண்பகவல்லி வந்தாள். அவளும் நாலு நாளாக வாசலில் நின்று திரும்பியவள்தான். அவர் அவள் கையைப் பிடித்தார். “வா, நாம போயிட்டு வரலாம்” என்றார். அவள் ஒரு நிமிடம் தயங்கினாள், காதுப்பக்கம் கை போனது. பிறகு செருப்பை மாட்டிக்கொண்டாள்.

இருவரும் படியிறங்கிப் பூங்கா வாசலை அடைந்தபோது, மேலே பதினான்கு மாடிப் பால்கனிகளிலும் தலைகள் முளைத்திருந்தன.

“அண்ணே, ஒண்ணும் ஆகலையே?” என்று ருக்கையா கத்தினாள்.

“ஒண்ணும் ஆகல” என்று அவர் அண்ணாந்து சொன்னார்.

ஒன்பதாவது மாடியிலிருந்து ஒருவர் கேட்டார். பிறகு ஆறாவது மாடி. பிறகு முதலில் கேட்ட ருக்கையாவே மறுபடியும்.

“பேசாம வாங்களேன்” என்றாள் செண்பகவல்லி.

“பாவம், கேக்குறாங்க” என்றார் அம்பலவாணன். அந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்று அந்தக் குடியிருப்பிலேயே அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். பூங்காவை முழுதாகச் சுற்றி முடிக்கும்வரை, அவர் யாரையும் விடாமல், கேட்ட ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லிக்கொண்டே நடந்தார்.