வண்டிக்கடியிலிருந்து ஒரு ரைட்டு

திருவொற்றியூரைத் தாண்டி ஆட்டோ நின்றபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. தேவகிருபை இறங்கி துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டாள். டீசல் புகை, கருவாட்டு வாடை, எண்ணூர் அனல்மின் நிலையத்திலிருந்து காற்றில் வரும் சாம்பல். துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் டிரெய்லர்கள் கண்ணுக்கெட்டிய தூரம்வரை வரிசையாக நின்றன. முந்தாநாள் வந்த வண்டிகூட இருந்தது. டிரைவர்கள் அங்கேயே சமைத்து, அங்கேயே குளித்து, ஏறக்குறைய குடித்தனமே நடத்திக்கொண்டிருந்தார்கள். பேருக்குக்கூட ஒரு மரம் கிடையாது. நிழல் வேண்டுமென்றால் டிரெய்லருக்கு அடியில் துண்டை விரிக்க வேண்டியதுதான். அது யாருடைய வண்டி என்று ஒருவரும் பார்ப்பதில்லை.

தேவகிருபை ராயபுரத்தில் ஓர் இலவச மனநல மையத்தில் ஆலோசகர். சுனாமிக்குப் பிறகு தொடங்கிய மையம் அது. நாலு வருஷமாக அடுத்தவர் அழுகையைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு எல்லாம் மரத்துப்போயிருந்தது. எதிரே உட்கார்ந்து யாராவது கதறினால் தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தி வைப்பாள், அவ்வளவுதான். சக ஊழியர்கள் அதைப் பொறுமை என்று புகழ்ந்தார்கள். அவளும் மறுத்ததில்லை.

நீல நிற டிரெய்லர் பக்கத்தில் செங்கொடி காத்திருந்தாள். டிரைவர் பீம்ராவின் மனைவி. வியாசர்பாடியிலிருந்து சாப்பாட்டுத் தூக்கோடு வந்திருந்தாள்.

“இன்னிக்காவது வண்டிய எட்த்துடுவாரா மேடம்? ஓனரு லியாகத் பாய் கண்டிசனா சொல்ட்டாரு. இன்னிக்கு இந்த லோடு உள்ள போவலன்னா வண்டி வேற ஆளுக்குப் பூடும். இத்த வுட்டா எங்களுக்கு இன்னா கீது?”

“நான் கூட உக்காந்து வரேன். கவலைப்படாதீங்க” என்றாள் தேவகிருபை. அந்த வார்த்தையை அவள் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள்.

நடந்தது போன கோடையில். இந்த வரிசையில் நிற்கும் வண்டி நகர்வதற்கு ஒரு முறை உண்டு. டிரைவர் கேபின் கதவை வெளிப்பக்கம் கையால் இரண்டு தட்டுத் தட்டுவார். கீழே படுத்திருக்கும் கிளீனர் எழுந்து விலகிப் பதில் சொல்ல வேண்டும். பதில் வராமல் சக்கரம் உருளாது. பீம்ராவின் கிளீனர் தவசிமுத்து, தூத்துக்குடிப் பக்கத்து ஆள், ஐம்பதை நெருங்கியவர். அன்றைக்கு பீம்ராவ் தட்டினார். “போவோம் தம்பி, ரைட்டு” என்று பதில் வந்தது. வண்டியை எடுத்தார்.

தவசிமுத்து பின் சக்கரத்துக்கு அடியில்தான் இருந்தார்.

அதற்குப் பிறகு பீம்ராவால் வண்டி ஓட்ட முடியவில்லை. குனிந்து அடியில் பார்ப்பார், ஏறுவார், உடனே இறங்கி மறுபடி குனிவார். பின்னால் இருப்பவர்கள் ஹாரன் அடித்து, கெட்ட வார்த்தையில் திட்டி, கடைசியில் முந்திக்கொண்டு போய்விடுவார்கள். மையத்துக்கு வந்த முதல் நாள் அவர் கேட்டது ஒன்றுதான். “அடியில படுத்துகினு இருந்தவன் எப்டி மேடம் ரைட்டு சொன்னான்?”

அந்தக் கேள்விக்குப் பதில் தேட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் தேவகிருபை. பெங்களூரில் பயிற்சி எடுத்துவந்த ஏற்பு சிகிச்சையின் அடிப்படையே அதுதான். பயத்தை விரட்டாதே, அதனோடு வாதாடாதே, அதற்கும் ஓர் இடம் கொடுத்துவிட்டு உனக்கு முக்கியமான திசையில் போ. மனதைப் பேருந்தாகவும் எண்ணங்களைப் பயணிகளாகவும் சொல்லும் உவமை அதில் உண்டு. டிரைவருக்கே டிரைவர் கதையைச் சொல்வது அவளுக்கு வசதியாகப் போயிற்று.

“எந்தக் குரல் கேட்டாலும் அது பயணிதான். கத்தட்டும். ஸ்டியரிங் உங்க கையில இருக்கு. ஒரு தடவை குனிஞ்சு பாக்கிறது வேலை. ரெண்டாவது தடவை குனிஞ்சா அது பயம்.”

பீம்ராவ் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அதை மனப்பாடம் செய்திருந்தார்.

தவசிமுத்துவுக்குப் பிறகு வேறு கிளீனர் வரவில்லை; இன்று அவள் கேபினில் ஏறி அந்தக் காலி சீட்டில் உட்கார்ந்தாள். சூடான ரெக்சின் வாடை அடித்தது. முன்வண்டி நகர்ந்தது. பீம்ராவ் இறங்கி ஒரு முறை குனிந்து பார்த்துவிட்டு ஏறினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இரண்டாம் முறை இறங்கக் கதவுப் பிடியில் கை வைத்தவர், வைத்த கையை எடுத்துக்கொண்டார். ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக் கதவைத் தட்டினார்.

இரண்டு தட்டு.

“போவோம் தம்பி, ரைட்டு.”

கீழேயிருந்து வந்தது. நல்ல தூத்துக்குடிப் பேச்சு. ராயபுரத்தில் அவள் அப்பா வைத்திருக்கும் கருவாட்டு மண்டியில், தூத்துக்குடிச் சரக்கோடு வருபவர்களிடம் நாள் முழுக்கக் கேட்கும் பேச்சு அது.

அவளுக்கும் கேட்டது.

பீம்ராவ் மெதுவாகத் திரும்பினார். “கேட்டுச்சா மேடம்?”

‘குரல் கேட்டதாக ஓர் எண்ணம் எனக்கு வருகிறது’ என்று பாடத்தில் இருப்பதுபோலவே மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். கேட்டது என்று வாய்விட்டுச் சொன்னால் இந்த மனிதர் இனி ஜன்மத்துக்கும் ஸ்டியரிங்கைத் தொடமாட்டார். வெளியே செங்கொடி தூக்குவாளியை மார்போடு அணைத்தபடி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எது கேட்டாலும் பயணிதான். நீங்க ஓட்டுங்க” என்றாள் தேவகிருபை.

வண்டி நகர்ந்தது. பின்னால் எதன் மீதும் ஏறி இறங்கவில்லை. செங்கொடி சாலையோரத்தில் நின்று கண்ணைத் துடைப்பது கண்ணாடியில் தெரிந்து, சிறுத்து, மறைந்தது. கொஞ்ச தூரம் போய் வரிசை மறுபடி நின்றது.

தேவகிருபை குனிந்து காலடித் தரையைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் முதல் முறையாகப் பயந்தாள். பயம்கூட எங்கோ தள்ளி, பக்கத்து அறையில் இருப்பதுபோல இருந்தது.

“பீம்ராவ்...” என்றாள் தணிந்த குரலில். “அது தவசிமுத்து குரலா?”

“அன்னிக்கு அப்டித்தான் மேடம் நெனச்சேன்.” அவரும் குரலைத் தாழ்த்தினார். “ஆனா பின்னாடி வண்டிக்காரன் இன்னா சொன்னான் தெரியுமா? அந்த நேரத்துல பெர்சு நல்லா கொறட்ட வுட்டு தூங்கிகினு இருந்துச்சாம். இங்க எதுவோ கீது மேடம். ஆளுங்க குரல அது எட்த்துக்குது.” பிறகு சிரித்தார். பல மாதங்களுக்குப் பிறகு அந்த முகத்தில் வந்த சிரிப்பு. “வுடுங்க. அதுவும் பயணி.”

அவர் இறங்கினார். முழங்காலில் கை ஊன்றி அடியில் நன்றாகப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“பாத்துட்டேன் மேடம். ஒரு தபா. அவ்ளோதான்.”

வெயில் தாரை இளக்கிக்கொண்டிருந்தது. தேவகிருபை தன் பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்தாள். பின்வண்டியிலிருந்து ஓர் ஆள் கொட்டாவி விட்டபடி இறங்கி வந்தான். தோளில் ஈரத் துண்டு. அவர்கள் டிரெய்லரின் நடுவில் வந்து நின்று துண்டை உதறினான். குனிந்தான்.

கண்ணாடியில் இப்போது அவன் கால்கள் மட்டும் தெரிந்தன. பிறகு அவையும் உள்ளே போயின.

முன்வண்டியின் சிவப்பு விளக்கு அணைந்தது. வரிசை நகர்கிறது.

பீம்ராவ் கையை வெளியே நீட்டினார்.

இரண்டு தட்டு.

‘ஆள் படுத்திருக்கான், நிறுத்துங்க’ என்று சொல்ல வாயெடுத்தாள். நாக்கு அசையவில்லை. அவர் தோளைப் பிடிக்கப் பார்த்தாள். கை மடியிலேயே கிடந்தது, யாருடைய கையோ போல. பீம்ராவ் கதவுப் பிடியைத் தொட்டுத் தயங்கினார். இன்னொரு முறை இறங்கிப் பார்க்கலாமா என்று அவர் முகம் கேட்டது.

கீழேயிருந்து பதில் வந்தது. பொறுமையான, தெளிவான பெண்குரல்.

“ரெண்டாவது தடவை குனிஞ்சா அது பயம், பீம்ராவ். நீங்க ஓட்டுங்க.”

அவளுடைய குரல்.

பீம்ராவ் பிடியிலிருந்து கையை எடுத்தார். நேரே சாலையைப் பார்த்தபடி தலையாட்டினார்.

“சரிங்க மேடம்” என்று சொல்லிவிட்டு, பிரேக்கை விடுவித்தார்.