கணக்குக் கொலுசு

மாலை ஆறு மணிக்கு மாசிலாமணி தன் கணுக்காலில் இருந்த கொலுசைக் கழற்றி வீட்டு ரோபோவின் காலில் மாட்டினார். பிறகு தன் குளிர்க்கவச உடையை அதற்கு அணிவித்து, தலைக்கவசத்தின் கறுப்புக் கண்ணாடியை இறக்கிவிட்டார்.

"கோபி, எதிர்ல யார் வந்தாலும் கையாட்டு. பக்கத்து வீட்டுத் தங்கப்பன் வந்தா ரெண்டு தரம் ஆட்டு. அவன் எதையும் மோப்பம் பிடிக்கிற ஆளு."

"சரி ஐயா" என்ற கோபி, உதைவண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியேறியது. மாசிலாமணி கட்டிலில் சாய்ந்தார்.

செவ்வாய்க் கிரகத்தின் செம்பாறை நகரில் உடற்பயிற்சி என்பது சட்டம். அங்கே ஈர்ப்பு குறைவு. உடம்பை அசைக்காமல் விட்டால் எலும்பு அப்பளமாகிவிடும். அதனால் ஊரைச் சுற்றி, காற்று நிரப்பிய குழாயாகக் கட்டிய வளையச்சாலையில் ஒவ்வொருவரும் தினமும் ஒரு மணி நேரம் உதைவண்டி ஓட்ட வேண்டும். இரண்டு சக்கரம், நடுவில் ஒரு பலகை, முன்னால் ஒரு கைப்பிடி. ஒரு காலைப் பலகையில் ஊன்றி, மறுகாலால் தரையை உதைத்தால் வண்டி ஓடும். மோட்டார் கிடையாது. ஒவ்வொரு உதையையும் கணக்குக் கொலுசு எண்ணி, ஊரை நிர்வகிக்கும் ஊர்மூளைக்கு அனுப்பிவிடும். ஏமாற்றிப் பிடிபட்டால் மூன்று வருடம் சுரங்க வேலை.

கொலுசுக் கணக்கின்படி ஊரிலேயே சிறந்த ஓட்டுநர் மாசிலாமணி. நகர மன்றத்தில் அவர் படம் மாட்டியிருந்தார்கள். அவரோ அந்தப் பலகையில் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. இத்தனை யோக்கியர்கள் நடுவே தான் ஒருவன் மட்டும் திருடன் என்ற நினைப்பு அவரை அடிக்கடி உறுத்தும்.

கோபி போய் இருபது நிமிடம் ஆகியிருக்கும். விளக்குகள் மினுக்கி அடங்கின. சுவரிலிருந்து ஊர்மூளையின் குரல் வந்தது.

"சூரியப் புயல். ரோபோக்கள், வண்டிகள் அனைத்தும் உறைந்துவிட்டன. உயிர்வளி நிலையமும் நின்றுவிட்டது. அங்குள்ள நெம்புகோலைக் கையால் இழுத்தால்தான் மீண்டும் இயங்கும். நகர மக்கள் அனைவரும் மூச்சிரைக்க வண்டி ஓட்டிக்கொண்டிருப்பதால், இருக்கும் காற்று அரை மணி நேரமே தாங்கும். அனைவரும் நின்ற இடத்திலேயே நிற்கவும். நிலையத்துக்கு மிக அருகில் இருப்பவர் மாசிலாமணி. அவர் மட்டும் செல்லட்டும். ஐந்து நிமிடம் போதும்."

சமையலறையிலிருந்து அவர் மனைவி குமுதினி எட்டிப் பார்த்தாள். முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்ததால் அவளுக்கு மட்டும் பயிற்சியிலிருந்து விலக்கு.

"ஏங்க, உங்களைத்தான் சொல்லுது."

"காதுல விழுது."

"நீங்க அந்தக் கோடியில நிக்கிறதா நெனச்சுக்கிட்டிருக்கு. இல்லேன்னு சொல்லுங்க. வேற யாரையாவது அனுப்பட்டும்."

"புயல்ல நாம பேசுற பக்கம் செத்துப்போச்சு குமுதி. கேக்க மட்டுந்தான் முடியும்."

"அப்போ வேற யாரும் போக மாட்டாங்க. நீங்க போறீங்கன்னு நம்பிச் சும்மா உக்காந்திருப்பாங்க." அவள் குரல் இறங்கியது. "எவ்வளவு தூரம்?"

"ஆறு கிலோமீட்டர்."

குமுதினி படுக்கையறை மூலையில் நின்ற தன் பழைய உதைவண்டியின் கைப்பிடியில் காய்ந்துகொண்டிருந்த துண்டுகளையும் பாவாடையையும் ஒரே இழுப்பில் உருவி எறிந்தாள். கவச உடை கோபியிடம் இருந்தது. கம்பளிப் போர்வையை அவர் தோளில் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

"இடது கால் பலகையில. வலது காலால உதைங்க. கீழ பாக்காதீங்க, எதிர்ல பாருங்க."

"விழுந்தா?"

"எந்திரிங்க."

வளையச்சாலையின் குளிர் முகத்தில் அறைந்தது. முதல் உதையிலேயே செவ்வாயின் மெலிந்த ஈர்ப்பு அவரை வண்டியோடு தூக்கிச் சுவரில் சாத்தியது. இரண்டாம் முறை முழங்கை சிராய்ந்தது. மூன்றாம் முறை வண்டி ஓடியது. நெஞ்சு உலைத் துருத்தியாகச் சீறியது. போர்வை பின்னால் படபடத்தது.

முதல் வளைவைத் தாண்டியதும் அவர் வண்டியை நிறுத்தினார்.

சாலை நெடுக மனிதர்கள், ஒரு கால் பலகையில், ஒரு கால் தரையில். அசைவே இல்லை. நின்ற இடத்திலேயே நிற்கச் சொன்ன உத்தரவுக்கு ஊரே இப்படியா கீழ்ப்படியும்? ஒருவர் தலைகூடத் திரும்பவில்லை. 'செத்துட்டாங்களா? காற்று அதுக்குள்ள தீர்ந்திடுச்சா?'

அருகில் நின்ற கவசத்தின் மார்பில் தங்கப்பன் என்று எழுதியிருந்தது. கை ஆட்டியபடி பாதியில் நின்றிருந்தது.

"தங்கப்பா! டேய் தங்கப்பா!"

கறுப்புக் கண்ணாடியைத் தூக்கினார். உள்ளே இரண்டு கண்ணாடி விழிகள். உலோக முகம்.

அடுத்த கவசம், வாரம் தவறாமல் எலும்பைப் பற்றி உபதேசிக்கும் டாக்டர் அன்னம்மாள். அங்கும் கண்ணாடி விழிகள். அதற்கடுத்தது, கொலுசு மோசடிக்காரர்களைச் சுரங்கத்துக்கு அனுப்பும் பயிற்சி அதிகாரி செங்கழுநீரான். அங்கும் அதே விழிகள்.

இத்தனை வருடங்களாகத் தினமும் மாலையில் ஊர் ரோபோக்கள் ஒன்றுக்கொன்று கையாட்டிக்கொண்டு போயிருக்கின்றன.

சிரிப்பு வந்தது. சிரிக்க மூச்சில்லை. சாலையில் வேறு மனிதரே கிடையாது என்பது அப்போதுதான் உறைத்தது. அவர் இங்கே விழுந்தால் தூக்கிவிட ஆளில்லை. நெம்புகோலை இழுக்கவும் ஆளில்லை.

"அரை மணி நேரம் முடிந்தது" என்றது குரல்.

வீட்டில் குமுதினி தரையில் சரிந்து கிடப்பதாக அவர் கண்முன் ஒரு காட்சி தோன்றியது. பல்லைக் கடித்து உதைத்தார். கால் மரத்தது. உதைத்தார். சாலை சட்டென்று சரிவில் இறங்க, சக்கரங்கள் தாமாகவே பாடத் தொடங்கின. உதைக்கத் தேவையில்லாமல் வண்டி காற்றைக் கிழித்து மிதந்தது. இடப்பக்க ஜன்னல்களில் செந்நிறப் பாலைவனம் பறந்தது. நடுக்கத்தின் நடுவிலும் அவருக்குள் ஏதோ ஒன்று துள்ளியது. 'இதையா நான் அந்தத் தகர டப்பாவுக்குக் கொடுத்தேன்?'

சரிவின் முடிவில் தன் பெயர் எழுதிய கவசத்தைத் தாண்டினார். கோபி ஒரு காலைத் தூக்கியபடி நின்றது. நிலையக் கதவில் மோதி விழுந்து, தவழ்ந்து போய், உடம்பின் முழு எடையோடு நெம்புகோலில் தொங்கினார்.

எங்கோ ஒரு பெரிய விசிறி முனகி எழுந்தது.

"உயிர்வளி திரும்பியது" என்றது ஊர்மூளை. "உயிரிழப்பு இல்லை. காற்று கணக்கிட்டதைப் போல் இரு மடங்கு நேரம் தாங்கியிருக்கிறது. தினசரிப் பயிற்சியால் உங்கள் நுரையீரல்கள் சிக்கனம் கற்றுவிட்டன. பாராட்டுகள். நாளை முதல் பயிற்சி இரண்டு மணி நேரம்."

மாசிலாமணி தரையில் மல்லாந்து கிடந்தார். ஊரே கட்டிலில் மல்லாந்து கிடந்ததால்தான் காற்று மிஞ்சியது என்பது அவர் ஒருவருக்கே தெரியும். யாரிடம் சொல்வது?

"மாசிலாமணி நின்ற இடத்திலிருந்து நகரவில்லை என்று கொலுசு சொல்கிறது" என்று குரல் தொடர்ந்தது. "நெம்புகோல் புயல் அதிர்வில் தானாக இறங்கியிருக்கிறது."

மறுநாள் மாலை கோபி வழக்கம்போல் காலை நீட்டியது. மாசிலாமணி கொலுசைத் தன் காலிலேயே விட்டுக் கவசத்தைத் தானே அணிந்தார்.

"உடம்பெல்லாம் கட்டு. இன்னைக்கேவா?" என்றாள் குமுதினி.

"அந்தச் சரிவு வரைக்கும்தான்."

இரண்டு முறை விழுந்தார். ஜன்னலோரம் நின்று சூரியன் மறைவதைப் பார்த்தார். சரிவில் மூன்று தடவை இறங்கி, மூன்று தடவையும் வண்டியைத் தள்ளிக்கொண்டு மேலே ஏறினார். எதிரே வந்த தங்கப்பன் கவசம் இரண்டு தரம் கையாட்டியது.

வீடு திரும்பியபோது சுவரில் எச்சரிக்கை ஒளிர்ந்தது. குமுதினி வாய்விட்டுப் படித்தாள்.

"இன்றைய ஓட்டம் சீராக இல்லை. காரணமின்றி நின்றுள்ளீர்கள். ஒரே சரிவில் திரும்பத் திரும்ப இறங்கியுள்ளீர்கள். மனிதர்கள் யாரும் இப்படி ஓட்டுவதில்லை. கொலுசைப் பழுதான ரோபோ ஒன்றுக்கு மாட்டியிருப்பதாகச் சந்தேகிக்கிறோம். நாளை நீங்களே ஓட்டாவிட்டால் சுரங்கம்."

மாசிலாமணி குனிந்து கொலுசைக் கழற்றினார்.

"கோபி, இங்க வா."