மண்சாலையில் குலுங்கிய புட்டி

பிற்பகல் மூன்று மணி. ரொக்காசெர்ரா மலையூருக்குக் கீழே, மாதா சிற்றாலயத்தருகே சாலை வளைவில் எட்டு சைக்கிள்கள் வேலியில் சாய்ந்து நின்றன. ஒன்பதாவது சைக்கிளின் பின்பையை இன்ஸ்பெக்டர் கிபாவ்தோ திறந்து, உள்ளிருந்ததை ஒவ்வொன்றாகப் புல்லில் எடுத்து வைத்தார். பம்பு, ட்யூப், பஞ்சர் ஒட்டும் டப்பா, ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கட்டிய பொட்டலம், மழைக்கோட்டு. மழைக்கோட்டுக்குள் பத்திரமாகச் சுருட்டிய ஒரு பழைய ஒயின் புட்டி.

மிரெல்லா ஒசெல்லியின் சைக்கிள் அது. வெளியூர்க்காரர்களைச் சைக்கிளில் அழைத்துக்கொண்டு இந்த மலைகளில் திராட்சைத் தோட்டம் தோட்டமாகச் சுற்றுவதுதான் அவள் பிழைப்பு.

"சத்தியமா நான் வைக்கல சார்."

"பின்ன? அதுவா நடந்து வந்து ஏறி உக்காந்துகிச்சா?" என்றான் எட்சியோ. புட்டியைக் காணோம் என்று முதலில் கூச்சல் போட்டவன் அவன்தான். தாய்மாமன் செகோந்தோ கிராவெரோவை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு இன்ஸ்பெக்டரின் பின்னாலேயே வந்திருந்தான்.

கிழவர் செகோந்தோ ஜீப்பை விட்டு இறங்கவில்லை. அவருக்கும் தெல்ஃபீனாவுக்கும் கல்யாணமான வருடத்து அறுவடையில் கடைசியாக மிஞ்சிய புட்டி அது. கல்யாணமாகி ஐம்பது வருடம் நிறைகிற இன்று இரவு விருந்தில் திறப்பதாக இருந்தார்கள். என்னோடு சவப்பெட்டியில்தான் போகும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், போன வாரம்தான் மனம் மாறினார். கசடு அடியில் இறங்கட்டும் என்று தன் கையாலேயே நிலவறையில் நிமிர்த்தி வைத்திருந்தார்.

"மிரெல்லா," என்றார் ஜன்னல் வழியாக. "இனிமே இந்த மலையில ஒரு வீட்டுக் கதவும் உனக்குத் திறக்காது. நான் பாத்துக்கறேன்."

வெறும் மிரட்டல் இல்லை. தோட்டக்காரர் சங்கத்தில் அவர் வாக்குதான் செல்லுபடி. வாசல்கள் மூடினால் மிரெல்லா யாரை எங்கே கூட்டிப் போவாள்?

எட்சியோ தலையில் அடித்துக்கொண்டான். "அது கெடக்கட்டும் மாமா. ஒம்பது கிலோமீட்டர் மண்ரோட்டுல குலுங்கியிருக்கு! கசடெல்லாம் எழும்பி உள்ள சேறா இருக்கும். இன்னைக்குத் திறக்கறதாவது! ஆறு மாசம் அசைக்காம வச்சாத்தான் உண்டு."

கிழவர் பெருமூச்சு விட்டுத் தலையாட்டினார். கிபாவ்தோவும் தலையாட்டினார். பழைய ஒயினைக் குலுக்கினால் கலங்கும் என்பது இந்த ஊரில் தாய்ப்பாலோடு ஊட்டுகிற பாடம்.

கும்பலில் ஒருவன் மட்டும் தலையாட்டவில்லை. ஹென்னிங் என்ற டென்மார்க்காரன், ஒயின் பைத்தியம். கிராவெரோ வீட்டில் மதிய உணவின்போதே அந்தப் புட்டியை விலைக்குக் கேட்டு வாங்கிக்கட்டிக்கொண்டவன். அவன் தன் சைக்கிள் விளக்கைக் கழற்றி, புட்டிக்குப் பின்னால் பிடித்து லேபிளை வாசிக்கப் பார்த்தான்.

"தொடாதய்யா!" எட்சியோ வெடுக்கென்று பிடுங்கித் துண்டில் சுற்றிக்கொண்டான்.

அந்த ஒரு நொடியில் ஹென்னிங்கின் சட்டை மேல் ஒரு சிவப்பு வெளிச்சம் விழுந்து மறைந்தது. கிபாவ்தோவுக்கு எதுவோ உறுத்தியது. என்னவென்று பிடிபடவில்லை.

மாலை ஐந்து மணி. கிராவெரோ வீட்டில், வாங்க வருகிறவர்கள் ஒயினைச் சுவை பார்க்கும் கூடம்.

"நிலவறைச் சாவி யார்கிட்ட?"

"மாமாகிட்ட ஒண்ணு, எங்கிட்ட ஒண்ணு," என்றான் எட்சியோ. "ஆனா மத்தியானம் இவங்க சுத்திப் பாக்கறதுக்காகத் திறந்துதான் கெடந்துச்சு."

"சைக்கிளெல்லாம்?"

"முற்றத்துல."

"பையில கடைசியாக் கை வச்சது யாரு?"

"இவருதான் சார்," என்று மிரெல்லா முந்திக்கொண்டாள். "சாப்பாட்டுப் பொட்டலத்தை நான் வைக்கிறேன்னு வாங்கிட்டுப் போனாரு."

"வச்சேன். அப்போ புட்டி இல்ல. டென்மார்க்காரன் ஆசைப்பட்டான், இவ எடுத்துக் குடுக்கப் பாத்தா. இதுக்கு மேல என்ன துப்பு வேணும் உங்களுக்கு?"

பேச்சு பொருத்தமாகத்தான் இருந்தது. அதுதான் கிபாவ்தோவுக்குப் பிடிக்கவில்லை. கேட்பதற்கு முன்பே எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிற ஆட்களை அவர் நம்புவதே கிடையாது.

அவர் பார்வை சுவர் அலமாரியில் மேய்ந்தது. குடும்பத்தில் நல்லது பொல்லாததற்குத் திறந்து குடித்த புட்டிகளை, லேபிளோடு வெறுமையாக வரிசை கட்டி வைத்திருந்தார்கள். நடுவில் ஒரு இடம் காலி.

"இங்க இருந்தது?"

"துடைக்கும்போது கை தவறி உடைஞ்சிருச்சு சார். போன பனிக்காலத்துல."

"எந்த வருஷத்துது?"

எட்சியோ தோளைக் குலுக்கினான். அடுப்படியிலிருந்து தெல்ஃபீனாவின் குரல் வந்தது. "எங்க கல்யாண வருஷத்துதுதான். பொண்ணு ஞானஸ்நானத்துக்குத் திறந்தோம். அது உடைஞ்சதா? எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலையே!"

கிபாவ்தோ வெளியே போனார். படியில் உட்கார்ந்திருந்த ஹென்னிங்கிடம் அந்த விளக்கைக் கடன் கேட்டார்.

ஏழு மணி. மேசையில் முட்டைச் சேமியாவும் மாட்டிறைச்சியும் ஆறிக்கொண்டிருந்தன. ஒரு பக்கம் வீட்டார், மறு பக்கம் சைக்கிள்காரர்கள். மிரெல்லா வாசற்படியருகே நின்றாள், உட்காரச் சொல்ல ஆளில்லை.

எட்சியோ துண்டில் சுற்றி வைத்திருந்த புட்டியை கிபாவ்தோ வாங்கி மேசை நடுவே வைத்தார். "எட்சியோ, இதைத் திற."

"விளையாடுறீங்களா? குலுங்கினதை எவனாவது திறப்பானா?"

"அதையேதான் மத்தியானத்துலேர்ந்து எல்லாரும் சொல்றோம். நானும்தான் மண்டையை ஆட்டினேன். ஆனா ஒருத்தராவது உள்ள பாத்தோமா?" அவர் விளக்கை ஏற்றிப் புட்டிக்குப் பின்னால் பிடித்தார். வெள்ளை மேசைவிரிப்பில் சுத்தமான சிவப்பு வெளிச்சம் விழுந்தது. தூசி இல்லை, துகள் இல்லை. "ஐம்பது வருஷத்து ஒயின், ஒம்பது கிலோமீட்டர் மண்ரோடு. கலக்கம் எங்கய்யா?"

செகோந்தோ எழுந்து நின்றுவிட்டார்.

கிபாவ்தோவே தக்கையைத் திருகி எடுத்து, தெல்ஃபீனாவின் கோப்பையில் ஊற்றினார். வயதான ஒயினுக்குச் செங்கல் நிறம் வரும். இது மாதுளைச் சாறு மாதிரி பளிச்சென்று இருந்தது.

கிழவர் ஒரு வாய் வைத்துப் பார்த்தார். "இது போன வருஷத்து அறுவடை," என்றார்.

"அலமாரியில இருந்த காலிப் புட்டி உடையல. புது ஒயினை ஊத்தி, தக்கை அடிச்சு, அரக்கு வச்சு நிலவறையில படுக்கப் போட்டாச்சு. அசல் எப்பவோ நல்ல விலைக்குக் கைமாறிப் போச்சு. சாவி ரெண்டே பேர்கிட்ட. செகோந்தோ தன் புட்டியைத் தானே திருட மாட்டார். நீதான் எட்சியோ."

"நானா? நானா இருந்தா அதைப் போட்டு உடைச்சிருக்க மாட்டேனா? எதுக்கு இவ பையில வைக்கணும்?"

"உடைச்சா தரையில நிறம் காட்டிக்கொடுத்திரும். காணாமப் போனா மாமா ஊர் ஊராத் தேடுவார், அசலே எங்கேயாவது தலைகாட்டும். உனக்கு வேண்டியது புட்டி திரும்பி வரணும், ஆனா இன்னைக்குத் திறக்கக் கூடாது. அதுக்குத்தான் குலுங்க விட்டே. வழியில உடையாம இருக்க மழைக்கோட்டுல சுருட்டினே. அவ திருடிங்கிற பேரு வாங்கினா உனக்கென்ன?"

எட்சியோ மாமாவைப் பார்த்தான். "நீங்க திறக்கவே மாட்டேன்னுதானே சொன்னீங்க..." என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினான். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. வாசலில் நின்ற காவலர் அவனை வெளியே கூட்டிப் போனார்.

பிறகு தெல்ஃபீனா அந்தக் கோப்பையை எடுத்துக் குடித்தாள்.

"ஒயின் ஒண்ணும் மோசமில்ல," என்றாள். "ஐம்பது வருஷம் உங்களையே தாங்கியாச்சு, ஒரு புட்டி போனா போகுது. ஆனா அந்தப் பொண்ணை ரோட்டுல நிக்க வச்சு அசிங்கப்படுத்தினீங்களே, அதுக்கு என்ன சொல்லப் போறீங்க?"

செகோந்தோ வாழ்நாளில் யாரிடமும் மன்னிப்பு கேட்டதில்லை, அவருக்கு அது பழக்கமுமில்லை. "உக்காரும்மா, சாப்பிடு," என்றார் மிரெல்லாவைப் பார்த்து.

"சாப்பாட்டுக்கு நான் நிக்கல." அவள் விடவில்லை. "மத்தியானமே சங்கத்துல எல்லாருக்கும் சொல்லியிருப்பீங்க. ரெண்டு வீட்டுலேர்ந்து, நாளைக்கு வராதேன்னு எனக்குத் தகவல் வந்திருச்சு. திருடின்னு ஒரு வார்த்தை போனா, பின்னாடி எத்தனை போன் போட்டாலும் அது திரும்பி வராது."

"அப்ப என்ன பண்ணச் சொல்ற?"

"காலையில என்கூட வாங்க. ஒவ்வொரு வாசலா நின்னு, உங்க வாயால சொல்லுங்க."

"ஜீப்ல வர்றேன்."

"ஜீப் வேணாம். நாங்க எப்படிப் போவோமோ அப்படி."

தெல்ஃபீனா வாய்விட்டுச் சிரித்தாள். கிழவர் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை மூடுபனி விலகுவதற்குள் பத்து சைக்கிள்கள் மேடேறின. முன்னால் மிரெல்லா, கடைசியில் கிழவர். மேடு நிமிர்ந்த இடத்திலெல்லாம் அவர் இறங்கித் தள்ளினார், திட்டினார், மறுபடி ஏறினார். முதல் வீட்டுக் கதவு மூடியிருந்தது. சைக்கிளை மிரெல்லாவின் கையில் கொடுத்துவிட்டு, இடுப்பைப் பிடித்தபடி போய் அவரே மணியை அடித்தார்.