மூலை வேலிக்கால்

"அதைத் தொடக்கூடாதுன்னா தொடக்கூடாது. இதுல என்ன விளக்கம் வேண்டிக்கிடக்கு?"

"காரணம் சொல்லாம தொடாதே தொடாதேன்னா எப்படிக்கா? வேலி பூரா நேரா நிக்கும், அது ஒண்ணு மட்டும் நாரை மாதிரி கழுத்தைத் தூக்கிட்டு நிக்கணுமா?"

"நிக்கட்டுமே. அப்பா காலத்துல நின்னுச்சுல்ல?"

"அப்பாதான் இப்போ இல்லையே."

பாதி திறந்திருந்த ஜன்னலுக்குக் கீழே, பனிக்காலம் முழுக்க வழுக்காமல் இருக்கத் தூவிய பொடிக்கல்லை எஸ்கில் பெருக்கிக்கொண்டிருந்தான். உள்ளே சண்டை போடுவது அவன் மனைவி இல்வாவும் அவளுடைய அக்கா டாக்னியும். சண்டைக்குக் காரணம் அவன் கையில் எடுக்கப்போகிற சம்மட்டி.

பிப்ரவரியில் வாசல் படியில் வழுக்கி விழுந்து இல்வாவின் கால் உடைந்துபோனது. பாதத்திலிருந்து தொடைவரை மாவுக்கட்டு. மாடி ஏற முடியாது என்பதால் கட்டிலைக் கீழ் அறைக்கே கொண்டுவந்து போட்டிருந்தான். பனி உருகியதும் முற்றத்தைச் சரிபண்ணி, தெற்குச் சுவரோரம் வெயிலில் உன்னை உட்காரவைத்து காபி தருவேன் என்று வாக்குக் கொடுத்திருந்தான். அந்த ஒரு நினைப்பில்தான் இருவரும் பனிக்காலத்தைத் தள்ளினார்கள்.

டாக்னி வெளியே வந்தாள். பூட்ஸை மாட்டிக்கொண்டே, "ஒட்டுக்கேட்டு முடிச்சாச்சா?" என்றாள்.

"ஜன்னல் திறந்திருந்தா நான் என்ன பண்ணுவேன்?"

"கேட்டதும் நல்லதுதான். அந்த மூலைக் காலை அடிச்சு இறக்காதே, எஸ்கில். தொட்டே ஆகணும்னா, அறுத்துவிடு. எனக்கு நினைவு தெரிஞ்சதிலேர்ந்து அப்பா வசந்தம் வந்தா அதோட தலையை மட்டும் அறுத்துவிடுவார்."

"எதுக்கு?"

"கேட்டா சொல்ல மாட்டார். அறுத்த அன்னிக்குச் சாப்பிடவும் மாட்டார். காலை நீட்டிக்கிட்டு, சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்குவார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"நீங்க சின்னப் பிள்ளையா இருந்தப்போலேர்ந்து அறுத்தா, இந்நேரம் கம்பத்துல என்ன மிச்சம் இருக்கும், டாக்னி?"

அவள் கார்ச் சாவியைத் தேடுவதை நிறுத்தினாள். "அதைத்தான் நானும் யோசிக்காம இருக்கேன்."

அந்தப் பக்கத்து நிலம் அப்படி. குளிரில் ஆழம்வரை உறைந்து, ஏப்ரலில் இளகும்போது தனக்குள் இருப்பதையெல்லாம் மேலே தள்ளும். கல்லைத் தள்ளும், வேலிக்காலைத் தள்ளும். வெயில் வந்ததும் ஊரெல்லாம் சம்மட்டிச் சத்தம்தான். கூரையிலிருந்து நீர் சொட்ட, பிர்ச் மரங்களின் அடியில் போன வருஷத்து இலைகள் ஊறிப் புளித்து நாற, எஸ்கில் வேலியோரமாக ஒவ்வொரு காலாக அடித்து இறக்கிக்கொண்டே போனான். ஒவ்வொன்றும் முரண்டு பிடித்து, முனகி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கியது.

மூலைக்கு வந்தான். அது அவன் நெஞ்சு உயரத்துக்கு எழும்பியிருந்தது. மற்ற கால்களெல்லாம் மழையில் சாம்பல் நிறமாகியிருக்க, இதன் தலை மட்டும் நேற்று அறுத்தாற்போல் வெளுப்பாக இருந்தது. மாமனார் இறந்தபிறகு அதை யாரும் அறுக்கவில்லை.

ரம்பமும் பக்கத்தில்தான் கிடந்தது. ஆனால் எஸ்கிலுக்குச் சாய்ந்த படத்தைக் கண்டாலே நிமிர்த்த வேண்டும். நல்ல மரத்தை வீணாக அறுப்பதும் பிடிக்காது. சம்மட்டியை ஓங்கினான்.

முதல் அடியிலேயே முழம் அளவு இறங்கியது. சத்தமே இல்லை. அடுத்த அடி. அடித்தது அவன்தான், ஆனால் கீழே யாரோ வாங்கிக்கொண்டது போல இருந்தது. ஒரு அடி நழுவி, சம்மட்டியின் விளிம்பு பட்டுக் கம்பத்தின் தலையில் பிறைபோல ஒரு வடு விழுந்தது. மற்ற கால்களோடு சமமானதும் அது தானாக நின்றது. தலையில் ரசமட்டம் வைத்துப் பார்த்தான். குமிழி நடுவில் நின்றது.

"முடிச்சிட்டியா?" இல்வா ஜன்னல் வழியாகக் கேட்டாள்.

"ஒரே வரிசை. ராணுவம் மாதிரி நிக்குது."

அன்று மாலை உருளைக்கிழங்கு வேகும்போது இல்வா சொன்னாள்: "ஜன்னலைச் சாத்தேன். மண் வாசனை மூக்கை அடைக்குது."

ஜன்னல் சாத்தித்தான் இருந்தது.

வாசனை நாளுக்கு நாள் கூடியது. தோண்டிய குழியில் தேங்கிய தண்ணீரின் வாசனை, இரும்பும் வேரும் கலந்தது. கூரைச் சொட்டு நின்றபின்னும் வேறொரு சத்தம் கேட்டது, தரைப் பலகைகளுக்குக் கீழே, ஈரக் கயிற்றை யாரோ மெதுவாக முறுக்குவது போல. எலி என்று சொல்லிக்கொண்டான். எலிப்பொறி வைத்தான். பொறியில் எதுவும் விழவில்லை.

பிறகு ஒரு மாலை, வெளிச்சம் இன்னும் போகாத நேரம். மெத்தைமேல் இருந்த தட்டில் இல்வா காபிக் கோப்பையை வைத்தாள். அது தானாக நகர்ந்து விளிம்பில் நின்றது.

"மட்டம் பாக்குற ஆளாச்சே நீ. பொண்டாட்டி கட்டில் சாயுறது மட்டும் கண்ணுல படாதா?"

சிரித்துக்கொண்டே ரசமட்டத்தை எடுத்துவந்து கட்டில் சட்டத்தில் வைத்தான். குமிழி ஒரு பக்கமாக ஓடி ஒட்டிக்கொண்டது.

ஏன் என்று தெரியாமலே வெளியே போனான். வேலி வரிசையாக நின்றது. மூலையில் கால் இல்லை. ஒரு குழி. கறுப்புத் தண்ணீர். அதில் கொஞ்சம் வானம்.

திரும்பி ஓடினான். டார்ச்சை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து போனான்.

தரைப் பலகை பிளந்திருந்தது. பிளவின் வழியே வெளுத்த மரம். ஈரம். மெத்தையில் அதன் தலை அழுந்தியிருந்தது. தலையோரத்தில் பிறை வடு.

"எஸ்கில், கீழேர்ந்து ஏன் தட்டுறே?" மேலிருந்து இல்வா கேட்டாள்.

அவன் தட்டவில்லை.

கட்டிலுக்கடியிலிருந்து வெளியே வந்து அவளை அணைத்துத் தூக்கப் பார்த்தான். வரவில்லை. "இழுக்காதே. கட்டு எதுலயோ மாட்டியிருக்கு," என்றாள். குரல் மெலிந்திருந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டான். ஆற்றில் பனிக்கட்டி உடைந்து வந்ததால் பாலத்தை மூடியிருந்தார்கள். காலையில்தான் வர முடியும் என்றார்கள்.

டாக்னிக்குப் போன் செய்தான்.

"அடிச்சே," என்றாள் அவள். கேள்வியாகக் கேட்கவில்லை.

"ஆமா."

"அங்கே வெளியில அதுக்கு ஒரு வழி இருந்துச்சு, எஸ்கில். அதை நீ அடைச்சுட்டே. ரம்பத்தை எடு."

எடுத்தான். கட்டிலுக்கு அடியில் மல்லாந்து படுத்தான். பிறை வடுவுக்குக் கீழே ரம்பத்தின் பல்லை வைத்தான். ஒரே ஒரு இழுப்பு.

இல்வா அலறினாள். "கால். என் கால். எஸ்கில், என்ன பண்றே?"

கையை எடுத்தான். ரம்பப் பல்லில் தூள் ஒட்டியிருந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. அறுத்த அன்றெல்லாம் மாமனார் காலை நீட்டிக்கொண்டு சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது ஏன் என்று அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

முகத்துக்கு மேலே மெத்தை இன்னும் கொஞ்சம் உயர்ந்தது. கட்டிலின் ஒரு கால் தரையை விட்டு எழும்பி, காற்றில் மெல்ல ஆடியது.

அவன் இன்னும் அங்கேயேதான் கிடக்கிறான், ரம்பம் நெஞ்சின் மேல். அவள் அவன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். உறைந்து இளகும் நிலத்தில் வாழ்கிறவர்கள், இப்படி ஒன்றைப் பார்த்தவர்கள், கேட்டவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து பதில் எழுதுங்கள். அறுக்கலாமா, விடலாமா? அதை மட்டும் சொன்னால் போதும்.